பயனிலையாகும் சொற்கள்: தமிழ் இலக்கண மரபும் பாரிசு லா சப்பல் தமிழ்க் கல்வியும்

1. முன்னுரை

எழுவாயும் பயனிலையும் இயைந்து அமைவது தொடர் என்பது தமிழ் இலக்கணம் கற்பிக்கப்படும் எல்லா வகுப்புகளிலும் தொடக்கத்திலேயே கூறப்படும் செய்தி. ‘குழந்தை சிரித்தது’ என்னும் தொடரில் ‘சிரித்தது’ பயனிலை என்பதை யாவரும் எளிதில் காண்பர். ஆனால் ‘இவர் என் அண்ணன்’, ‘இந்த அறை வாடகைக்கு’, ‘அங்கே நிற்பவர் யார்?’, ‘எனக்கு நேரம் இல்லை’ போன்ற தொடர்களில் பயனிலையாக நிற்கும் சொல் எது, அச்சொல் அத்தகுதியை எதனால் பெறுகிறது என்று வினவும்போது விடை கூறுவது கடினமாகிறது. இவற்றுள் எதிலும் காலங்காட்டும் இடைநிலை பெற்ற வினைமுற்று இல்லை. ஆயினும் ஒவ்வொன்றும் நிறைவான தொடரே.

இவ்வினா பாரிசு நகரின் லா சப்பல் பகுதியில் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நகரின் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் கூடுமிடத்தில், ‘கார் து நோர்’ எனப்படும் வடக்குத் தொடருந்து நிலையத்தை அடுத்து, ஃபோபூர் சேன் தெனி தெருவின் வடபகுதியையும் கய் தெரு, பெர்தொனே தெரு முதலியவற்றையும் உள்ளடக்கிய இப்பகுதியை ஈழத்தமிழர் ‘லாச்சப்பல்’ என்றே வழங்குவர். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் 1954-இல் நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1962-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவேறிய காலத்தையொட்டிப் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் பிரான்சில் குடியேறினர். 1983-க்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வந்தனர். இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பள்ளியில் பிரெஞ்சு மொழி வழியே இலக்கணம் கற்கின்றனர். வார இறுதி வகுப்புகளில் தமிழ் கற்கின்றனர். பிரெஞ்சு இலக்கணத்தில் வினையின்றித் தொடர் இல்லை என்று பழகிய மாணவருக்கு, ‘இவர் என் அண்ணன்’ என்பதில் வினை எங்கே என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்திற்கு ஆசிரியர் கூறும் விடையைப் பொறுத்தே மாணவர் தமிழைக் குறையுள்ள மொழியாகக் காண்பதும் வேறோர் ஒழுங்குடைய மொழியாகக் காண்பதும் அமையும்.

தமிழ் இலக்கண மரபு பயனிலையை வரையறுத்த முறை, பாரிசில் உருவான மொழியியற் கொள்கைகள் அதே சிக்கலை அணுகிய முறை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு, அவ்வொப்பீட்டினின்று கற்பித்தலுக்குப் பெறத்தக்க பயனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மரபிலக்கணத்தில் பயனிலை

தொல்காப்பியம் பயனிலையைப் பற்றிப் பேசுமிடம் கவனத்திற்குரியது. வினையை விளக்கும் வினையியலில் அன்றி, பெயர் ஏற்கும் வேற்றுமைகளை விளக்கும் வேற்றுமையியலில், எழுவாய் வேற்றுமையை ஒட்டியே பயனிலை வகைகள் கூறப்படுகின்றன. அதாவது, பெயர் தன் இயல்பான வடிவில் நின்று எதனைக் கொண்டு முடியும் என்னும் வினாவிற்கு விடையாகவே பயனிலை என்னும் கருத்து அங்கு அமைகிறது. ஆகவே பயனிலை என்பது ஒரு சொல்வகையின் பெயரன்று. தொடரில் ஒரு சொல் வகிக்கும் நிலையின் பெயர்.

எழுவாய் கொள்ளும் முடிபுகளைத் தொல்காப்பியம் ஆறாக வகுக்கிறது. பொருளின் இருப்பைச் சுட்டுதல், ஏவுதல் அல்லது விரும்புதல், வினையை உரைத்தல், வினாவுதல், பண்பைக் கூறுதல், பெயரைக் கொள்ளுதல் என அவற்றைத் தொகுத்துரைக்கலாம். ஒரே எழுவாயைக் கொண்டு இவற்றை முறையே பின்வருமாறு காட்டலாம்: ‘தம்பி உளன்’, ‘தம்பி வருக’, ‘தம்பி வந்தான்’, ‘தம்பி யார்?’, ‘தம்பி நல்லன்’, ‘தம்பி மாணவன்’. இவ்வாறு தொடர்களில் மூன்றாவது மட்டுமே வெளிப்படையாகக் காலங்காட்டுகிறது. எனினும் மற்றவை அதன் சுருக்கங்களாகவோ திரிபுகளாகவோ கருதப்படவில்லை. ஆறும் ஒரே வரிசையில், ஒத்த தகுதியுடன் வைக்கப்பட்டுள்ளன.

நன்னூல் இவ்வாறனையும் வினை, பெயர், வினா என மூன்றாகச் சுருக்குகிறது. இருப்பு, ஏவல், பண்பு ஆகியவற்றை உணர்த்தும் சொற்கள் வினையுள் அடங்கும் என்பது இச்சுருக்கத்தின் அடிப்படை. இன்றைய பள்ளி இலக்கணங்கள் பெரும்பாலும் நன்னூலின் மூவகைப் பகுப்பையே பின்பற்றுகின்றன. சுருக்கம் கற்பதற்கு எளிது. ஆனால் ‘உளன்’ என்பதும் ‘நல்லன்’ என்பதும் ‘வந்தான்’ என்பதும் ஒரே பெயரின்கீழ் நிற்பதால், அவற்றிடையே உள்ள வேறுபாட்டைத் தனியே விளக்க வேண்டிய கடமை ஆசிரியரைச் சாருகிறது. அவ்விளக்கத்திற்கு வினைக்குறிப்பு என்னும் கருத்து தேவைப்படுகிறது.

3. வினைக்குறிப்பு: பெயருக்கும் வினைக்கும் இடையே

வேற்றுமை உருபை ஏற்காமையும் காலத்தொடு தோன்றுதலும் வினையின் இலக்கணம் என்பது தொல்காப்பியர் கொள்கை. காலம் வெளிப்படையாகவும் தோன்றலாம், குறிப்பாகவும் தோன்றலாம். குறிப்பாகத் தோன்றுவது வினைக்குறிப்பு. உடைமை, இடம், ஒப்பு, பண்பு ஆகியவற்றின் அடிப்படையிலும், அன்மை, இன்மை, உண்மை, வன்மை என்னும் கருத்துகளின் அடிப்படையிலும் இத்தகைய சொற்கள் பிறக்கும் என வினையியல் கூறுகிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறு அடிகளிலிருந்து இவை தோன்றும் என்றும், வெளிப்படை வினை காட்டும் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் வினைமுதலை மட்டுமே இவை விளக்கும் என்றும் நன்னூல் வரையறுக்கிறது.

‘இளமை’ என்னும் பண்படியாக இளையேன், இளையை, இளையன், இளையள், இளையர், இளையது, இளைய எனத் தன்மை, முன்னிலை, படர்க்கை மூவிடத்தும் ஐம்பாலிலும் சொற்கள் அமைந்தன. இவற்றில் காலங்காட்டும் உறுப்பு இல்லை. ஆனால் இடமும் எண்ணும் பாலும் உணர்த்தும் ஈறுகள் வினைமுற்றில் உள்ளவாறே உள்ளன. இன்றைய தமிழில் இவ்வமைப்பின் பெரும்பகுதி வழக்கொழிந்தது. ‘அடியேன்’ என்னும் சொல்லில் உள்ள தன்மை ஒருமை ஈறு அதன் எச்சமாக நிற்கிறது. தெலுங்கில் ‘நேனு கவினி’ என்னும்போது ‘கவி’ என்னும் பெயர் ‘நி’ என்னும் தன்மை ஈற்றைப் பெறுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், வினைபோல ஈறு பெறும் இத்தகைய பெயர்களைத் திராவிட மொழிகளின் தனிக்கூறாகக் கண்டு விளக்கினார்.

ஒரே வடிவம் பெயராகவும் வினைக்குறிப்பாகவும் நிற்கக்கூடும். ‘நல்லன் வந்தான்’ என்பதில் ‘நல்லன்’ எழுவாயாகிய பெயர். ‘நல்லனைக் கண்டேன்’ என அது உருபேற்கும். ‘அவன் நல்லன்’ என்பதில் அதே வடிவம் பயனிலை. அந்நிலையில் அது உருபேற்காது. வடிவத்தில் வேறுபாடின்றி, தொடரில் நிற்கும் இடத்தால் சொல்லின் தன்மை மாறுகிறது. பயனிலையாதல் என்னும் ஆற்றல் சொல்லின் அகத்தே எப்போதும் அடங்கிய பண்பு என்பதைவிட, தொடர் அச்சொல்லுக்குத் தரும் பணி எனக் கொள்வதே இச்சான்றுக்குப் பொருந்தும்.

4. எவ்விடத்தும் பொதுவாக நிற்கும் பயனிலைச் சொற்கள்

ஈறு வேறுபாடின்றிப் பல பால்களுக்கும் பொதுவாக நிற்கும் சில பயனிலைச் சொற்களை நன்னூல் தனியே எடுத்துரைக்கிறது. வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொது. ‘யார்’ என்னும் வினா உயர்திணை முப்பாலுக்கும் பொது. ‘எவன்’ என்பது அக்காலத்தில் ‘என்ன’ என்னும் பொருளில் அஃறிணை இருபாலுக்கும் பொதுவாக நின்றது. இன்றோ அது உயர்திணை ஆண்பால் வினாப்பெயராகவே உணரப்படுகிறது. ‘யார்’ முதலியவற்றை வினாப்பெயர் என்று மட்டும் கூறாது, வினைக்குறிப்பாகவும் மரபு கண்டது நுட்பமானது. ‘அவர் யார்?’ என்பதில் வினாச்சொல்லே தொடரை முடிக்கும் ஆற்றலுடையதாக நிற்பதை அது உணர்ந்திருந்தது.

இச்சொற்களின் வரலாறு ஒரே திசையில் செல்வதைக் காணலாம். ‘உண்டு’ என்பது ‘உள்’ என்னும் அடியும் ‘து’ என்னும் ஒன்றன்பால் ஈறும் இயைந்து அமைந்தது. பின்னர் எல்லாப் பால்களுக்கும் பொதுவாயிற்று. ‘அல்ல’ என்பது பலவின்பால் வடிவம். ‘அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று’ என்பன அதன் இனச்சொற்கள். செம்மை நாடும் உரைநடையில் ‘இது அன்று’, ‘இவை அல்ல’, ‘அவர் அல்லர்’ என்னும் வேறுபாடு இன்றும் பேணப்படுகிறது. பொதுவழக்கில் ‘அல்ல’ என்பது எல்லாவற்றிற்கும் உரியதாகிவிட்டது. ஒரு பாலுக்குரிய வடிவம் ஈற்றின் பொருளை இழந்து, தொடரை முடிக்கும் பணியை மட்டும் தாங்கிய தனிச்சொல்லாக இறுகுகிறது. எழுவாயோடு இயைந்து ஈறு மாறுதல் பயனிலையின் இன்றியமையாப் பண்பன்று என்பது இதனாற் புலனாகும்.

வேண்டும், போதும், தெரியும், முடியும், பிடிக்கும் முதலியன மற்றொரு தொகுதி. இவை ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்றுகள். இவ்வாய்பாடு தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியதன்று. எனவே உணர்பவரும் அறிபவரும் நான்காம் வேற்றுமையில் நிற்க, உணரப்படுவது எழுவாயாகிறது. ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்பதில் எழுவாய் ‘தமிழ்’; ‘எனக்கு’ அன்று. ‘எனக்கு அவர்களைத் தெரியும்’ என்னும்போது அறியப்படுவோரும் இரண்டாம் வேற்றுமை ஏற்பதால், எழுவாய் வடிவில் எப்பெயரும் இல்லாத தொடர் கிடைக்கிறது. பயனிலை நின்றால் தொடர் நிற்கும். எழுவாய் இல்லாமலும் தொடர் நிற்கக்கூடும் என்பதற்கு இது வலிய சான்று.

5. பாரிசில் எழுந்த கொள்கைகள்

தமிழ் மரபிலிருந்து வேறுபட்ட கொள்கையொன்று பாரிசிலேயே வலுவாக உருவானது. 1660-இல் அர்னோ, லான்சுலோ இருவரும் வெளியிட்ட போர் ருவாயால் இலக்கணம், வினையின் முதன்மைப் பணி உறுதி கூறுதல் எனக் கொண்டது. அவ்வுறுதியைத் தூய நிலையில் காட்டும் சொல், இருத்தலையும் ஆதலையும் குறிக்கும் ‘எத்ர்’ என்னும் வினை. மற்ற வினைகள் இவ்வினையும் ஒரு பண்பும் கலந்த கலவைகளே. இக்கொள்கையின்படி ‘பேதுரு வாழ்கிறான்’ என்பது ‘பேதுரு வாழ்பவனாக இருக்கிறான்’ என்பதன் சுருக்கம். வினை வெளிப்படாத தொடரிலும் ‘எத்ர்’ மறைந்து நிற்பதாகக் கொள்ளவேண்டி வரும். 1716-இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் தொடங்கி, ஐரோப்பியர் தமிழை விளக்கிய நூல்கள் இலத்தீன் இலக்கணச் சட்டகத்தைப் பின்புலமாகக் கொண்டிருந்தன. அப்பின்புலத்தில் பயிற்சி பெற்றவர்க்குத் தமிழின் பெயர்ப் பயனிலை ஒரு வெற்றிடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மறைந்து நிற்கும் வினை என்னும் கருத்து ஐரோப்பாவிற்கு மட்டும் உரியதன்று. வடமொழி இலக்கணத்தில் காத்தியாயனரின் வார்த்திகம், வேறு வினை இல்லாத தொடரில் ‘அஸ்தி’ என்னும் சொல் கூறப்படாவிடினும் உள்ளதாகக் கொள்ளவேண்டும் என்கிறது. தமிழ் மரபு வடமொழி இலக்கணத்தோடு நெடுங்காலம் உறவாடியது. அங்ஙனமிருந்தும் பெயர் கொண்டு முடிதலைத் தனித்ததொரு பயனிலை வகையாகவே அது நிறுத்திக்கொண்டது. தன் மொழியின் இயல்பை நோக்கி எடுத்த முடிவாக இதனைக் கருதலாம்.

இருபதாம் நூற்றாண்டில் பாரிசின் மொழியியலாளரே போர் ருவாயால் கொள்கையிலிருந்து விலகினர். அந்துவான் மெய்யே 1906-இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பெயர்த்தொடரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டார். எமீல் பென்வெனிஸ்து 1950-இல் அதே பொருள் பற்றி எழுதிய கட்டுரையில், பெயர்த்தொடர் என்பது வினை விடுபட்ட தொடரன்று. வினைத்தொடரோடு ஒப்பத் தனக்கென அமைப்புடையது என நிறுவினார். 1960-இல் வெளியான மற்றொரு கட்டுரையில், ‘அவ்வார்’ என்னும் உடைமை வினை உலக மொழிகளில் அருகியே காணப்படுவது என்றும், ‘எனக்கு உளது’ என்னும் வகை அமைப்பே பெருவழக்கு என்றும் காட்டினார். இவ்விரு முடிவுகளும் தமிழ் மரபு கொண்டிருந்த நிலைக்கு நெருங்கி வருகின்றன.

பாரிசில் தமிழாய்வு நெடிய தொடர்ச்சியுடையது. ழூலியன் வேன்சோன் 1903-இல் தமிழ்மொழிக் கையேட்டை இங்கு வெளியிட்டார். ழூல் பிளோக் 1946-இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றிய தம் நூலைப் பிரெஞ்சில் அளித்தார். ழான் பிலியோசாவின் முயற்சியோடு 1970-இல் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நடைபெற்றது. ழான்-லுய்க் செவியார் சொல்லதிகாரத்திற்கான சேனாவரையர் உரையைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1996-இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். ஆகவே பயனிலை பற்றிய தமிழ் மரபைப் பிரெஞ்சு வாசகர் நேரடியாக அறிய வாய்ப்பு உண்டு. அவ்வறிவு வார இறுதி வகுப்பறையைச் சென்றடைவதே எஞ்சிய பணி.

6. எதிர்மறைச் சோதனை

வினை வெளிப்படாத தொடர்கள் எல்லாம் ஒரே இனமா? தோற்றத்தில் அவை ஒன்றுபோலவே உள்ளன. எதிர்மறையாக்கிப் பார்க்கும்போது அவை இரண்டாகப் பிரிகின்றன.

‘இவர் ஆசிரியர்’ என்பதன் எதிர்மறை ‘இவர் ஆசிரியர் அல்லர்’. ‘வீடு பெரிது’ என்பதன் எதிர்மறை ‘வீடு பெரிதன்று’. ‘இந்த அறை வாடகைக்கு’ என்பதன் எதிர்மறை ‘இந்த அறை வாடகைக்கு அன்று’. இவற்றில் மறுக்கப்படுவது, எழுவாய் இன்னது அல்லது இத்தன்மையது என்னும் கூற்று. இது தொல்காப்பியம் கூறும் அன்மை.

‘அண்ணன் வீட்டில்’ என்று விடை கூறுபவர் அதனை மறுக்க விரும்பின் ‘அண்ணன் வீட்டில் இல்லை’ என்பார். ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதன் மறுப்பு ‘எனக்குக் காய்ச்சல் இல்லை’. ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதற்கு எதிர் ‘எனக்குப் பிள்ளைகள் இல்லை’. இவற்றில் மறுக்கப்படுவது இருப்பு. இது இன்மை. ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் அல்ல, மூன்று’ என்று ஒருவர் கூறுவாராயின், அங்கு மறுக்கப்படுவது பிள்ளைகளின் இருப்பன்று, எண்ணிக்கை. ஒரே தொடரில் எச்சொல்லை இட்டு மறுப்பது என்பதே எதனை மறுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

இதனால் ஒரு முடிவு பெறப்படுகிறது. வினை வெளிப்படாத தமிழ்த் தொடர்களுள் ஒரு பிரிவு உண்மையாகவே பெயரைப் பயனிலையாகக் கொண்டது. அதில் எதுவும் தொக்கு நிற்கவில்லை. மற்றொரு பிரிவில் ‘உண்டு’, ‘உளது’ என்னும் இருப்புப் பயனிலை சொல்லாமற் பெறப்படுகிறது. எதிர்மறையில் ‘இல்லை’ என அதன் இனம் வெளிப்படுகிறது. தொல்காப்பியம் இருப்பைச் சுட்டுதலையும் பெயர் கொள்ளுதலையும் வெவ்வேறாக எண்ணியதன் பொருத்தம் இங்குத் தெளிவாகிறது. பேச்சுத் தமிழின் பல வழக்குகளில் ‘அவர் ஆசிரியர் இல்லை’ என்பதுபோல ‘இல்லை’ என்பது ‘அல்ல’ என்பதன் இடத்தையும் பற்றிக்கொண்டது. ஆகையால் இச்சோதனை எழுத்துத் தமிழுக்கே முழுமையாகப் பொருந்தும். வீட்டுப் பேச்சின் வழியே மட்டும் தமிழை அறியும் மாணவருக்கு இவ்வேறுபாடு தானாகக் கைவராது என்பதும் இதனாலேயே விளங்கும்.

7. காலம் பற்றிய கருத்து வேறுபாடு

பென்வெனிஸ்தின் கொள்கையில் ஒரு பகுதி தமிழுக்கு அப்படியே பொருந்துவதன்று. பெயர்த்தொடர் காலத்திற்கும் இடத்திற்கும் பேசுவோனின் சூழலுக்கும் அப்பாற்பட்டது. நிலைத்த உண்மைகளைக் கூறவே அது ஏற்றது என அவர் கருதினார். கிரேக்க இலக்கியச் சான்றுகளுக்கு அது பொருந்தலாம். தமிழிலும் வரையறைகளும் பழமொழிகளும் பெயர்த்தொடரை விரும்புவது உண்மை. ஆனால் அவ்வமைப்பின் எல்லை அதனோடு முடியவில்லை.

புலம்பெயர்ந்தோர் வாழ்வைக் குறிக்கும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம்: ‘அன்று அவர் ஆசிரியர், இன்று சமையலாளர்.’ இரு தொடர்களிலும் வினையில்லை. எனினும் முதலாவது இறந்தகாலத்தையும் இரண்டாவது நிகழ்காலத்தையும் ஐயமின்றி உணர்த்துகின்றன. நிலைத்த உண்மை எதுவும் இங்குக் கூறப்படவில்லை. நிலை மாறியதே கூறப்படுகிறது. எதிர்மறைச் சோதனையில் இவை ‘அல்லர்’ என்பதையே ஏற்பதால், மறைந்த இருப்பு வினையொன்று காலத்தைத் தாங்குவதாகவும் கூற இயலாது. காலம் ‘அன்று’, ‘இன்று’ என்னும் சொற்களாலும் சூழலாலும் பெறப்படுகிறது.

காலம் இல்லை என்பதும் காலம் குறிப்பால் தோன்றும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். தமிழ் மரபு வினைக்குறிப்பைப் பற்றி இரண்டாவதையே கூறியது. அக்கூற்றைப் பெயர்ப் பயனிலைக்கும் விரித்துக் கொள்வதற்கு மேற்காட்டிய தொடர் இடமளிக்கிறது. இத்தொடரைப் ‘பாரிசுக்கு வருமுன் அவர் ஆசிரியராக இருந்தார்’ என மாற்றும்போது ‘இருந்தார்’ என்னும் வினை வருகிறது. அது காலத்தை வெளிப்படையாக்குவதற்காக வருவது; பயனிலையாகும் தகுதியை ‘ஆசிரியர்’ என்னும் பெயருக்கு வழங்குவதற்காக வருவதன்று. பிரெஞ்சில் ‘எத்ர்’ இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்கிறது. தமிழில் அவை பிரிந்து நிற்கின்றன.

8. கற்பித்தலில் விளையும் பயன்

பிரெஞ்சில் ‘எத்ர்’, ‘அவ்வார்’ என்னும் இரு வினைகள் தாங்கும் பணிகள் தமிழில் பல அமைப்புகளில் பகிர்ந்து நிற்கின்றன. ‘எத்ர்’ கொண்டு அமையும் ‘நான் தமிழர்’ என்னும் கருத்து தமிழில் பெயர்ப் பயனிலையால் முடிகிறது. லா சப்பலில் இப்போது இருப்பதைக் கூறுவதற்கும் பிரெஞ்சில் ‘எத்ர்’ வருகிறது. யாழ்ப்பாண வழக்கிலோ ‘நான் லாச்சப்பலில் நிக்கிறன்’ என ‘நில்’ என்னும் வினை வருகிறது. அவ்வழக்கில் ‘அவர் பாரிசில் இருக்கிறார்’ என்பது பெரும்பாலும் வாழ்தலைக் குறிக்கும். தமிழகப் பேச்சில் ‘இருக்கிறேன்’ என்பதே இரண்டிற்கும் போதும். புதுச்சேரி வழிவந்த குடும்பத்தின் பிள்ளையும் யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்தின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும் சூழலில், இவற்றுள் ஒன்றைப் பிழை என்பது பொருந்தாது. இரண்டும் தமிழின் இருப்புப் பயனிலைகளே.

‘அவ்வார்’ கொண்டு அமையும் கூற்றுகள் பெரிதும் நான்காம் வேற்றுமையைச் சாருகின்றன. பசியை ‘உடையேன்’ என்றும் பத்து ஆண்டுகளை ‘உடையேன்’ என்றும் பிரெஞ்சு கூறுமிடத்தில், தமிழ் ‘எனக்குப் பசி’, ‘எனக்குப் பத்து வயது’ என்கிறது. உண்மையின் இருப்பைக் கூறும் பொது அமைப்பிற்கு ‘உண்டு’ என்பதும், தேவையைக் கூறும் அமைப்பிற்கு ‘வேண்டும்’ என்பதும் ஈடாகின்றன. ‘இரு’ என்பது ‘எத்ர்’, ‘வைத்திரு’ என்பது ‘அவ்வார்’ என நேர் இணைகளாகக் கற்பித்தால் ‘நான் தமிழனாக இருக்கிறேன்’, ‘நான் பத்து வயது வைத்திருக்கிறேன்’ போன்ற தொடர்கள் பிறக்கும். முதலாவது இலக்கணப் பிழையன்று. ஆனால் மாறக்கூடிய நிலை என்னும் பொருளை அது தருகிறது. பெயர்ப் பயனிலை தரும் அடையாளப் பொருளை அது தராது. தம்மைத் தமிழர் எனக் கூற முனையும் இளைஞர், தாம் கருதாத பொருளை அத்தொடரால் கூறிவிடுகிறார். இலக்கண நுட்பம் இங்கு அடையாளத்தைக் கூறும் ஆற்றலோடு நேரே தொடர்புறுகிறது.

‘ஆகும்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. ‘பாரிசு பிரான்சின் தலைநகரம் ஆகும்’ என்பதுபோல வரையறை கூறும் உரைநடையில் அது இடம்பெறுகிறது. மொழிபெயர்ப்பு நடையில் அது மேலும் மிகுதி. அதனை ‘எத்ர்’ என்பதன் தமிழ் வடிவமாகக் கற்பித்து, எல்லாப் பெயர்த்தொடர்களின் இறுதியிலும் சேர்க்கச் செய்தால், ‘இவர் என் அண்ணன் ஆகும்’ போன்ற இயைபற்ற தொடர்கள் தோன்றும். ‘ஆகும்’ தொடருக்கு நிறைவு தருவதற்காகத் தேவைப்படுவதன்று. வரையறை என்னும் நடைக்கு உரியது.

இவற்றை நோக்கி, பிரெஞ்சுச் சூழலில் பயனிலை கற்பிக்கும் வரிசையைப் பின்வருமாறு அமைக்கலாம். முதலில் பெயர்ப் பயனிலைத் தொடர்களையும் அவற்றின் ‘அல்ல’ என்னும் எதிர்மறைகளையும் இணையாகக் கற்பித்தல். அடுத்து ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இணையைக் கற்பித்து முன்னதனோடு ஒப்பிடச் செய்தல். மூன்றாவதாக நான்காம் வேற்றுமையோடு வரும் உடைமை, உணர்ச்சி, அறிவுத் தொடர்களைப் பயிற்றுதல். நான்காவதாக ‘அன்று’, ‘இன்று’ முதலிய காலச் சொற்களையும், அவற்றின்பின் ‘ஆக இருந்தார்’ என்னும் வெளிப்படை அமைப்பையும் காட்டுதல். வினைத்தொடர் இவற்றோடு இணையாக நடைபெறலாம். லா சப்பல் கடைத்தெருவில் காணத்தக்க ‘வாடகைக்கு’, ‘இங்குக் கிடைக்கும்’, ‘திங்கட்கிழமை விடுமுறை’ போன்ற அறிவிப்புத் தொடர்கள் பயிற்சிக்கு உரிய பாடமாகும். பிரெஞ்சிலும் ‘அ லுவே’ என வாடகை அறிவிப்பு வினைமுற்றின்றியே நிற்பதைச் சுட்டிக்காட்டினால், தாம் அறிந்த மொழியிலும் இத்தகைய தொடர்கள் உள்ளன என்பதை மாணவர் உணர்வர். அங்கு அது அறிவிப்பு நடைக்குரிய சுருக்கம்; தமிழில் அன்றாடத் தொடரின் இயல்பு.

9. முடிவுரை

பயனிலை என்பது தொடரில் ஒரு சொல் ஏற்கும் பணி. வினை, வினைக்குறிப்பு, பெயர், வினா, இருப்பையும் இன்மையையும் கூறும் பொதுச்சொற்கள் ஆகிய அனைத்தும் அப்பணியை ஏற்க வல்லன. எழுவாயோடு ஈறு இயைதலும் காலத்தை வெளிப்படையாகக் காட்டுதலும் அப்பணிக்கு இன்றியமையாதன அல்ல. வினை வெளிப்படாத தொடர்கள் அன்மை, இன்மை என்னும் எதிர்மறை வேறுபாட்டால் இரு பிரிவாகும். அவற்றுள் பெயரைப் பயனிலையாகக் கொண்ட பிரிவில் தொக்க வினை இல்லை. அப்பிரிவிலும் காலம் குறிப்பால் தோன்றும் என்பதைத் தமிழ்ச் சான்றுகள் காட்டுகின்றன. பெயர்த்தொடரைப் பற்றிய பிரெஞ்சு மொழியியற் கொள்கை இவ்விடத்தில் திருத்தம் பெறத்தக்கது.

‘இவர் என் அண்ணன்’ என்பதில் வினை எங்கே என்று லா சப்பலில் தமிழ் பயிலும் மாணவர் வினவும்போது, ‘மறைந்திருக்கிறது’ என்பது வசதியான விடை. ஆனால் தமிழ் மரபுக்கும் சான்றுகளுக்கும் அது ஒவ்வாதது. ‘அண்ணன் என்னும் பெயரே இத்தொடரை முடிக்கிறது, தமிழில் பெயருக்கு அந்த ஆற்றல் உண்டு’ என்பதே பொருத்தமான விடை.